தேய்மானம்

மண்ணடியில் என் கடை ஆறடிக்கு நாலடி.
எங்கள் வரிசையில்
வலமிருந்து இடமாய்ப் படிப்பவர்கள் ரெண்டு பேர்.
அத்தர் கடை ஷாகுல் பாய் குர்ஆன் ஓதுகிறார்.
நான் ரப்பரில் அரசாங்கத்தைப் படிக்கிறேன்.

பங்குனியில் துளசிங்கம் வந்தார், ஆபீஸ் உதவியாளர்,
சட்டைப்பையில் நாலாய் மடித்த தாள்.
மந்தணம் ஒன்று. மிகவும் மந்தணம் ரெண்டு.
சிவப்பு மை பேட்.
தாளின் தலையிலேயே பேனாவால் எழுதி அடிக்கோடு:
மந்தணம்.
"ஏன், பழசு?"
"தேஞ்சு பூட்ச்சிம்மா."
அளவு பார்க்க அதையும் கொண்டு வந்திருந்தார்.

நான் வெட்டினதுதான்.
மூணு சுழி ணகரத்தில் கத்தி வழுக்கி
ரெண்டரைச் சுழியாய் நின்றுபோனது.
அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை,
காசு வாங்கிக்கொண்டேன்.

ரேஷன் கடை சீல் எட்டு வருஷம் வரும்.
கார்ப்பரேஷன் பள்ளிக்குக் கொடுத்த 'பாராட்டுகிறேன்'
இன்னும் புதுசாகவே இருக்கிறது.
ரப்பர் ஒரு லட்சம் அடி தாங்கும், என் கணக்கில்.
இதைக் கொடுத்து மூணே வருஷம்.
சனி, ஞாயிறு, பொங்கல், புயல் லீவு போக
வகுத்துப் பார்த்தேன்:
நாளுக்கு நூற்று நாற்பது.
எங்கள் தெரு மொத்தத்துக்கும்
அவ்வளவு ரகசியம் கிடையாது.
ரெண்டு கல்யாணம், ஒரு சீட்டுக் கம்பெனி, அவ்வளவுதான்.

நான் குடியிருப்பது எர்ணாவூர்.
வாசலுக்கு நேரே, ரோட்டுக்கு அடியில் குழாய்.
ஐப்பசியில் ஒரு ராத்திரி
முதலில் நாய்கள் இருமின.
நாய் இருமி நான் கேட்டதில்லை.
பிறகு எதிர்வீட்டுக் குழந்தை.
ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு
செருப்பில்லாமல் ஓடினோம், ஸ்டேஷன் தாண்டி.
"கசிவு எதுவும் இல்லை" என்றது ஜீப்பின் மைக்.
விடிந்ததும் "சிறு கசிவு."
பத்து மணிக்கு "கட்டுக்குள்."

மூணாம் நாள் பேப்பரில் ஒரு அறிக்கையின் படம்.
குழாய் அரித்திருக்கிறது, மாற்ற வேண்டும்:
போன வருஷமே எழுதியது, பதினோராம் பக்கத்தில்.
டீக்கடையில் எல்லோரும் அறிக்கையைப் படித்தார்கள்.
நான் அதன் தலையில் கிடந்த சிவப்பைப் பார்த்தேன்.
ரெண்டரைச் சுழி.
டீ ஆறிப்போச்சு.

விசாரணை ரெண்டு வைத்தார்கள்.
குழாய் எப்படிக் கசிந்தது என்று ஒன்று,
மூணு முறை அவகாசம் வாங்கி இன்னும் நடக்கிறது.
தாள் எப்படிக் கசிந்தது என்று ஒன்று,
பதினேழு நாளில் முடிந்துவிட்டது.
சந்திரமதி, தட்டச்சர், தண்டையார்பேட்டை, சஸ்பெண்டு.
போனில் படம் எடுத்தாளாம்.
அவள் அண்ணன் வீடு எர்ணாவூரில் என்பதை
குற்றத்தில் சேர்த்து எழுதியிருந்தார்களாம்.

என் கடைக்கும் ரெண்டு பேர் வந்தார்கள்.
நாலடியில் நாலு ஷூ.
"வேற யாருக்காச்சும் இதே மாதிரி செஞ்சு குடுத்தியா?"
"இல்லீங்க."
"உள்ள என்ன இருக்கும்னு தெரியுமா?"
"எனக்குத் தெரிஞ்சது அஞ்செழுத்துதான் சார்."
சின்னவர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.
நூற்று நாற்பதைச் சொல்லவில்லை.
அவர்கள் கேட்கவும் இல்லை.

தேய்ந்ததை பிளாஸ்டிக் பையில் போட்டார்கள்.
பை மேல் எழுத என்னிடமே பேனா வாங்கி,
சிவப்பு இருக்கா என்று கேட்டு வாங்கி,
பெரியவர் நிதானமாய் எழுதினார்:
மந்தணம்.
பேனாவைத் திருப்பித் தரவில்லை.

துளசிங்கத்தை நேற்று பீச் ஸ்டேஷனில் பார்த்தேன்.
இனிமேல் ஆர்டர் வராதாம்.
தானே மை ஊறும் மெஷின் ஸ்டாம்ப் வாங்கிவிட்டார்களாம்,
பத்து லட்சம் அடி தாங்குமாம்.
"உனக்குத்தான் நஷ்டம்" என்றார், வருத்தமாகத்தான்.

ராத்திரி ஜன்னலைத் திறந்து
மூக்கை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.
கொஞ்ச நேரம் நாய்களையும் கேட்கிறேன்.
குரைக்கின்றன.
குரைத்தால் சரி.