வடக்குச் சுவர்

அறுபத்தெட்டு விழுக்காட்டில் நின்றுபோனது துறைமுகம்.
சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு முழுக்க லோட் ஷெடிங்.
சரிவில் ஒரே ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் வெளிச்சம்,
அது பல் டாக்டர் வீடு.

ப்ரெனோலன் போனில் கத்துகிறான்:
"ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ராண்ட்!
பழைய கள், புது மொந்தை!"
நீயும் வாங்கினாய்தானே என்றேன்.
"வாங்கினால்தானே திட்ட முடியும்."

கெர்ஷன் வாங்கவில்லை.
ஆறு மாதம் பொறு, பாதி விலைக்கு வரும் என்பது அவன் வேதம்.
அவன் விளையாடுவதெல்லாம் ஊர் பேசி முடித்த ஆட்டங்கள்.
எல்லோரும் அழுது தீர்த்த மரணங்களுக்குத்
தனியாக, தாமதமாக அழுகிறவன்.

எனக்கு விலை தெரியும்.
வியாழன் இரவுகளில் சூப்பர்மார்க்கெட்டில்
விலைச்சீட்டு மாற்றுகிறவள் நான்.
மீன் டின்னில் முப்பதை உரித்துவிட்டு
இருபத்தொன்பது தொண்ணூற்றொன்பது வைக்கிறவள்.
அந்த ஒரு சென்ட்டை யாரும் திருப்பித் தந்ததில்லை,
அப்படி ஒரு காசே இப்போது கிடையாது.
போன மாதம் சலுகை என்று மஞ்சள் சீட்டு ஒட்டினேன்.
அதற்கு முந்தின வாரம்
வெள்ளைச் சீட்டில் விலையை ஏற்றியதும் இதே கைதான்.
ஆகவே "டீலக்ஸ் பதிப்பு, மூன்று நாள் முன்னதாக" என்று வாசித்தபோது
எந்த ஊரில் எவள் இதை ஒட்டினாளோ என்றுதான் தோன்றியது.
பிறகு கணக்குப் போட்டேன்.
நாற்பத்துநான்கு மணி நேரம், நின்றபடி.
பிறகு வாங்கினேன்.

மின்சாரம் வந்தது. ஃபிரிட்ஜ் இருமியது.
இரவு இரண்டு மணிக்குத் துறைமுகம் முழுசாயிற்று.

அழகு. பொய் சொல்லமாட்டேன்.
ஈரக் கயிற்றில் இழை இழையாக ஒளி.
மீன்காரிக்குக் கண்ணிமைகூட இருக்கிறது,
முன்பு அவள் மூக்கே
இரண்டு முக்கோணம்.

நான் நேராக வடக்குச் சுவருக்குப் போனேன்.
பழையதில் அங்கே ஓர் ஓட்டை இருந்தது,
கண்ணுக்குத் தெரியாத ஓட்டை.
மூன்றாவது பீப்பாய்மேல் ஏறி, முதுகைச் சுவரில் உரசி,
தாவுவதற்குக் கால் நொடி முன்பு குனிந்தால்
கல் உன்னை விழுங்கி அந்தப் பக்கம் துப்பும்.
படகுக்காரனுக்குக் காசு வேண்டாம்.
யாரோ தூக்கக் கலக்கத்தில் விட்ட பிழை.
நாணயம் சேராத நாங்கள் எல்லோரும்
அந்தப் பிழை வழியாகத்தான் கடலுக்குப் போனோம்.

பீப்பாய் இருந்தது, வளையத்தில் துருவோடு.
ஏறினேன். உரசினேன். குனிந்தேன்.
கல் கல்லாகவே இருந்தது.
மறுபடி.
நாற்பது தடவை மறுபடி.

கீழே படகுக்காரன் காத்திருந்தான்.
யாரோ நடிகனுக்குக் கூலி கொடுத்து வாங்கிய புதுக் குரல்:
"ஐந்நூறு நாணயம், அம்மணி."
முன்பு இருநூறு. என் பையில் அறுபது.
திரையின் மூலையில் ஒரு சின்னப் பொத்தான் மினுங்கியது:
ஐந்நூறு நாணயம், எழுபத்தொன்பது ராண்ட்
தொண்ணூற்றொன்பது சென்ட்.

ப்ரெனோலன் விழித்திருந்தான்.
"ஓட்டை?"
"அடைத்துவிட்டார்கள்."
அவன் பேசவில்லை. பின்னால் அவன் குழந்தை சிணுங்கியது.
"குதிரை இன்னும் வாசற்படியில் சிக்குகிறது," என்றான்.
"அதைத் திருத்த நேரமில்லை. இதற்கு இருந்திருக்கிறது."

விடியுமுன் கெர்ஷன் எழுதினான்:
பழைய வட்டு என்னிடம் இருக்கிறது, கீறலோடு.
ஞாயிறு வா. கரண்ட் இருந்தால்.

மீன்காரியிடம் போய் நின்றேன்.
அவள் கூடையில் விலைச்சீட்டு கிடையாது, கேட்டால்தான் சொல்வாள்.
பிடித்து வந்தால் மீனுக்கு இரண்டு நாணயம்.
இருநூற்றிருபது மீன்.

தூண்டிலைப் போட்டேன்.
கடல் நன்றாகவே அசைகிறது, சுவருக்கு இந்தப் பக்கமும்.
ஏழாவது மீனில்தான் ஞாபகம் வந்தது
இன்று வியாழன்.