உருளை நிற்கக் கூடாது

கான்கிரீட் லாரி ஓட்டுகிறேன்.
முதுகுக்குப் பின்னால் எட்டு கன மீட்டர்
சுற்றிக்கொண்டே இருக்கும்.
நின்றால் இறுகும்.
இறுகினால் ஆளை உள்ளே இறக்கி
உளிகொண்டு கொத்த வேண்டும்.
பதினாறு வருடத்தில் இரண்டு முறை
இறங்கிய ஆள் நான்தான்.
நிறுத்தம் என்றால் எனக்கு ஆகாது.

நகரமன்றத்தில் பொதுமக்களுக்கு மூன்று நிமிடம்.
பெயர் கொடுத்துவிட்டேன்: சுல்மிரா ஃபல்காவ்,
தேஜு ஆற்றின் தென்கரை.
பொருள்: இரவு பதினொன்று நாற்பது படகு.
அதை எடுத்துவிட்டார்கள்.

எழுதியது ஒன்றரைப் பக்கம்.
மன்னிக்க வேண்டும், மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே,
மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,
மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களே.
இதற்கே இருபது நொடி.

பாலத்தில் நெரிசல் உறையும்போதெல்லாம்
காகிதத்தை ஸ்டியரிங்கில் சாய்த்து
கண்ணாடியிடம் பேசிப் பார்த்தேன்.
மழை.
வைப்பர் மட்டும்
இல்லை, இல்லை என்றது.

முதல் நாள் நான்கு நிமிடம் பத்து நொடி.
மறுநாள் மூச்சு விடாமல் படித்தேன்.
மூன்று நிமிடத்துக்குள் வந்தது,
என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.
மூன்றாம் நாள்தான் பார்த்தேன்:
வண்டி ரேடியோவின் மைக் பொத்தான்
சிந்திய காபியில் பிசுபிசுத்து
அழுந்தியபடியே ஒட்டியிருக்கிறது.

ஆலை முழுக்கக் கேட்டிருக்கிறது.
பதினோரு லாரி, எடைமேடை, மணல்மேட்டு கிரேன்.

நகத்தால் நெம்பி விடுவித்தேன்.
கொஞ்சம் இரைச்சல்.
பிறகு எடைமேடை ஒர்லாந்து:
"மதிப்பிற்குரிய மூணு இருக்கு. ஒண்ணு போதும்."
ஆறாம் எண் வண்டி:
"மன்னிக்கணும்னு ஏன் ஆரம்பிக்கிற?
படகைத் திருடினது நீயா?"
சதவீதம் வந்ததும் தூங்கிட்டேன் என்றது
யாருடைய குரலென்று தெரியவில்லை.
கடைசியாக எவரிஷ்து, பம்ப் ஓட்டுகிறவன்,
வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிறவன்:
"அதுல ஆளே இல்லையே."

ஆள் இருந்தாள்.
அர்மாந்தா, என் நாத்தனார்.
அக்கரையில் ஒரு வங்கியின் நான்கு மாடியைத் துடைக்கிறாள்.
வேலை முடியப் பதினொன்று.
படகு இல்லாததால் விடியும்வரை
துறை வாசலில், பூட்டிய கதவோரம்,
ஷூவைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுக்கிறாள்.
என்னைப் பற்றிப் பேசாதே என்றிருந்தாள்.
அவளை மறைக்கத்தான் சதவீதம்.

அன்றிரவு மறுபடி கேட்டேன்.
தட்டு கழுவும் கை நிற்காமலே சொன்னாள்:
"பேர் வேண்டாம். ஷூவை வேணா சொல்லிக்கோ."

வியாழன்.
மைக் யாரோ நெட்டையனுக்கு வைத்தது.
இடது கால் தரையில் கிளட்சைத் தேடியது.
காகிதம் நடுங்கும் சத்தம்
ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டதால்
மடித்துப் பையில் போட்டேன்.

"ஒரு பெண் தன் ஷூவைத்
தலைக்கு வைத்துத் தூங்குகிறாள்" என்றேன்.

அடுத்த வரி வரவில்லை.

உருளை நின்றது.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி
இறுகப் போகிறது, இதோ இறுகப் போகிறது,
உளியை யார் எடுத்து வருவார்கள்

கைப்பேசி தடவிக்கொண்டிருந்த ஓர் உறுப்பினர்
தலை தூக்கினார்.
அவருக்குப் பக்கத்திலும் ஒருவர்.
என்ன ஆயிற்று இவளுக்கு என்று பார்க்கத்தான்.
இருக்கட்டும்.
பார்த்தார்கள்.

பிறகு மற்றதெல்லாம் வந்தது, வரிசை குழம்பி,
நடுவில் இருக்க வேண்டியது கடைசியில்.
இரண்டு நிமிடம் நாற்பதில் தீர்ந்துபோனது.
மிச்ச இருபது நொடியை என்ன செய்வதென்று தெரியாமல்
நன்றியும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தேன்.

முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்கள்.
கடைசிப் படகு இன்னும் பத்தரைக்குத்தான்.

காலையில் ஆலையில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.
மைக் பொத்தானை மட்டும்
யாரோ ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள்.
அழுத்தினால் அழுந்துகிறது,
விட்டால் மீள்கிறது.

முதல் லோடு. பாலத்தில் நெரிசல்.
பின்னால் உருளை சுற்றுகிறது.
அடுத்த மாதமும் மூன்று நிமிடம் உண்டு.

பொத்தானை நானே அழுத்தினேன்.