ஜனவரிப் புள்ளிப்பட்டியல்

நாற்பத்தொரு டிகிரி.
தானியக் குதிர்களின் நிழல் பாதி மைதானம் வரை வந்து
அதற்குமேல் வர மனமில்லாமல் நிற்கிறது.
கம்பிவேலிக்கு இந்தப்பக்கம்,
கடைசி பார்லி லாரியை எடைபோட்டு அனுப்பிவிட்டு வந்த நான்,
கசாப்புக்கடையை மகனிடம் விட்டுவிட்ட டென்சில் ட்ரெவார்த்தா,
இந்த வெயிலில் கம்பளிக் கழுத்துத்துணி பின்னும் யூனிஸ் பாஸ்கோ,
அவள் நாய்.

போன வருஷம் பதினெட்டு ஆட்டம்.
ஜெயித்தது ஒன்று.
அன்றைக்கு எதிரணியின் பஸ் வழியில் நின்றுபோய்
பதினாலு பேரோடு வந்திருந்தார்கள்.
கடைசி இடத்துக்கு இங்கே மரக்கரண்டி என்று பெயர்.
மூன்று வருஷமாய் அகப்பை எங்கள் வீட்டில்தான்.
சட்டியில் என்ன இருக்கிறது என்று மட்டும்
கேட்டுவிடாதீர்கள்.
ஆல்டன் குடாவில் காலண்டர் ஆகஸ்டோடு முடிந்துவிடும்.
செப்டம்பர், இறுதிச் சுற்று, எல்லாம்
மற்ற ஊர்களுக்கு.

ஆறு வருஷத்தில் ஐந்து பயிற்சியாளர்கள்.
ஒருவர் வெள்ளைப்பலகையில் அம்புக்குறிகளாய்ப் போட்டார்.
ஒருவர் செங்கல் செங்கல்லாய்க் கட்டுவோம் என்றார்;
ஜூனில் போய்விட்டார், செங்கல் சூளைக்கே.
ஒருவர் முகம் மறந்துவிட்டது.
விசில் மட்டும் அலமாரியில் கிடக்கிறது.

இப்போது வந்திருப்பவள் ப்ரோனா ஹாலரன்,
வடக்கே சுரங்க ஊர்க்காரி,
முழங்கால் இரண்டிலும் தையல் தழும்பு.
வந்ததும் பேசவில்லை.
பந்துகளையெல்லாம் வலைப்பையில் கட்டித்
தன் காருக்குள் வைத்துப் பூட்டினாள்.

இரண்டு வாரம் ஓடினார்கள்.
மணல்மேட்டில், உப்பங்கழிக் கரையில்,
துறைமுகப் பாலத்தின் முனைவரை போய்த் தொட்டுத் திரும்பி.
ஜோரி பென்ஹால், ஆறடி ஏழங்குலம்,
வேலியோரம் வந்து வாந்தியெடுத்து
"மன்னிக்கணும், மிஸஸ் பாஸ்கோ" என்று வாயைத் துடைத்துக்கொண்டு
மறுபடி ஓடினான்.
"போன வருஷம்னா உட்கார்ந்திருப்பான்"
என்றாள் யூனிஸ், ஒரு கண்ணிகூட நழுவவிடாமல்.

இன்று காரைத் திறந்தாள்.

அந்தப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் எழும் என்பது
அதைத் தைத்தவனுக்கே தெரியாது.
பசித்தவன் தட்டை இழுப்பதுபோல் இழுத்தார்கள் பையன்கள்.
கை, கை, கால், கை, கால்,
ஒருமுறைகூட மண்ணைத் தொடாமல்
மறுமுனைக்குப் போய்விட்டது.
டென்சில் எழுந்து நின்றார்.
இடுப்பெலும்பு மாற்றியபின் சும்மா எழுகிறவரில்லை.
"பார்த்தியா?"
"எதிரே ஒருத்தருமே இல்லையே."
"ஒருத்தருமே இல்லாதப்பதான் போன வருஷமும் கீழே போட்டாங்க."

ஜோரி உதைத்தான். கம்பத்தில் பட்டது.
நடுக்கம்பங்களுக்கு இடையே போனால் ஆறு;
ஓரமாய்ப் போனாலோ, கம்பத்தில் இடித்தாலோ ஒன்று.
தவறியதற்கும் ஒரு புள்ளி எழுதித்தருகிற ஆட்டம்.
இதில் பிறந்து வளர்ந்தவர்களிடம் போய்
போதும், விட்டுவிடு என்று
யார் சொல்வது?

சொன்னேன், எனக்கு நானே.
ஆகஸ்டில், கடைசி சைரன் ஓய்ந்தபின் வண்டிக்குள் உட்கார்ந்து
இனி ஒரு டாலர் கிடையாது என்று சத்தியம் செய்தேன்.
நேற்று உறுப்பினர் அட்டை கேட்டுப் போனால்
உங்களுக்கு வாங்கியாகிவிட்டதே என்கிறார்கள்.
வாங்கியவர் என் வீட்டுக்காரர்.
அந்தச் சத்தியத்துக்கு ஒரே சாட்சி.

கிளப் கதவில் புதுப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள்.
பத்து ஊர், பத்துப் பூஜ்யம்.
அகரவரிசையில் நாங்கள் முதலிடம்.
யூனிஸ் போனில் படம் பிடித்துக்கொண்டாள்,
ஏப்ரலில் யாரும் நம்பமாட்டார்கள் என்று.

விசில். தண்ணீர்க்குழாய்கள் சீறிச் சுழல
கடல்காக்கைகள் மைதானத்தை எடுத்துக்கொள்கின்றன.
ப்ரோனா தனியாக நின்று
அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
யூனிஸ் பின்னலைத் தூக்கி நீளம் பார்த்தாள்.
"ஆகஸ்டுக்கு இது போதும்," என்றாள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
நாய் கொட்டாவி விட்டது.

"இன்னும் கொஞ்சம் பின்னு"
என்றார் டென்சில்.