பகல் வெளிச்சத்தில் பார்க்கவும்

பெட்டிக்குள் மடித்திருந்த தாளில் ஆறாவது குறிப்பு:
'நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவும்.'

ஹம்மர்ஃபெஸ்டில் அன்று டிசம்பர் ஒன்பது.
சூரியன் போய்ப் பதினெட்டு நாள்.

துறைமுகத்தில் தராசுகளைச் சோதிப்பது என் வேலை.
மீன் இறங்கும் மேடையில்
முத்திரையிட்ட இருபது கிலோ எஃகுக் கட்டியை வைப்பேன்.
எண் பிசகினால் சிவப்பு ஒட்டு. பேச்சே இல்லை.
படகுக்காரர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள்;
கட்டியை யாரும் திட்டியதில்லை.

வீட்டில் நூற்றெண்பது லிட்டர் தொட்டி.
முப்பது நியான் டெட்ராவில் ஏழு செத்தபிறகு
நைட்ரேட் பார்த்தேன்.
என் கிட் இருபது என்றது.
மேல்மாடி ஹப்தோம், பேருந்து ஓட்டுகிறவன்,
தன்னுடையதைக் கொண்டுவந்தான்: எண்பது.
கடையில் வாங்கிய காகிதப் பட்டை
இரண்டுக்கும் நடுவே ஒரு ரோஜா நிறத்தைக் காட்டிவிட்டு
நமக்கேன் வம்பென்று ஒதுங்கிக்கொண்டது.

தராசுக்குக் கட்டி உண்டு. தண்ணீருக்கு?

பொட்டாசியம் நைட்ரேட்
நூற்று அறுபத்து மூன்று மில்லிகிராம்,
வடித்த நீர் ஒரு லிட்டர்.
அது நூறு.
எவரும் சொல்லிக் கேட்ட நூறல்ல, நானே நிறுத்த நூறு.
அதில் இரண்டு பங்கு, வெறும் நீர் மூன்று பங்கு:
நாற்பது.
புட்டியில் எழுதி ஒட்டினேன், கட்டியில் முத்திரை குத்துவதுபோல.

'இரண்டாவது புட்டியை அரை நிமிடம் குலுக்கணும்,
நீ என்ன செய்வாய்?' என்றான் ஹப்தோம்.
உப்புக் குப்பியைத் தட்டுவதுபோல்
இரண்டு தட்டு, இத்தனை வருஷமாக.
அவன் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.

குலுக்கினோம். ஐந்து நிமிடம் காத்தோம்.
சமையலறை விளக்கடியில் அதே குழாய்
எனக்கு இருபது,
அவனுக்கு நாற்பது.
ஜன்னலோரம், நண்பகலின் நீலத்தில்,
ஆறிப்போன தேநீர்.
ராத்திரி கடைசி நிறுத்தத்தில்
காலிப் பேருந்தின் முகப்பு விளக்கு முன்னால்
இரண்டு ஆம்பிளைகள் குனிந்து நின்று
மஞ்சளா ஆரஞ்சா என்று சண்டை போட்டதை
ஒரு நாய் பார்த்தது.

நிறை எனக்குத் தெரியும்.
நிறம்?
ஓரெழுத்து தள்ளியதும் ஊமையாகிவிட்டேன்.

ஜனவரி இருபத்தொன்று.
பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார்கள்.
ஊரே மேற்குக் குன்றில்,
கையில் ஜாம் வைத்த பன், வாயில் ஆவி.
நான் பால்கனியில், குளிரில் வேதியியல் சோம்பும் என்பதால்
பதினொன்றரைக்கே உள்ளே சொட்டுகளை எண்ணி,
ஐந்து நிமிடம் முடிந்ததும்
குழாய்களைச் சட்டைப்பையில் சூடாக வைத்துக்கொண்டு.

வந்தது.
குன்றிலிருந்து ஒரு கத்தல், குழந்தைகளுடையது.
நான் முதுகைக் காட்டி நின்றேன்.
வெள்ளை அட்டைமேல் வெளிச்சம் விழுந்தது,
அட்டைமேல் நாற்பதை வைத்தேன்.

நாற்பது.
ஹப்தோமின் கிட்டிலும் என் கிட்டிலும் நாற்பது.
அச்சடித்த கட்டத்தோடு ஒட்டிப் பிறந்ததுபோல.
புட்டி பொய் சொல்லவில்லை.

அப்புறம் தொட்டித் தண்ணீர்:
எண்பது. அதற்கு மேலும் இருக்கலாம்,
அந்தச் சிவப்புக்கப்பால் அட்டைக்கே சொல் இல்லை.
டிசம்பரில் இதைத்தான்
இருபது என்று படித்துவிட்டுத்
தூங்கப் போயிருக்கிறேன்.

திரும்பியபோது மலை விளிம்பில்
நகம் வெட்டிய துண்டளவு மிச்சம். அதுவும் போனது.
'பார்க்கவேயில்லையே நீ,' என்றான் ஹப்தோம்.
'பார்த்தேன். குழாய்க்குள்.'

வேலைப் பையில் சிவப்பு ஒட்டு ஒன்று இருந்தது.
சமையலறை விளக்கில் ஒட்டினேன்.
பாவம், அது என்ன செய்யும்.
பிய்த்தேன். கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டு
வர மறுத்தது.

அந்த விரலோடுதான் வாளியைத் தூக்கினேன்.
ஒரேயடியாக மாற்றக்கூடாது,
இன்றைக்குக் கால் பங்கு போதும்.