ஆரஞ்சுக் கொடி

மெண்டோட்டாவில் இன்று ஆரஞ்சுக் கொடி.
காவலாளி நேற்றைய மஞ்சளைச் சுருட்டிக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அதை ஏற்றுவதைப் பார்த்தபடி உள்ளே போனோம்.
காற்றைப் பற்றி இந்த ஊரில்
துணி ஒன்றுதான் உண்மை பேசுகிறது.

பாதாம் உலுக்கும் மாதம்.
இயந்திரம் மரத்தை இடுப்பில் பிடித்து
மூன்றே நொடி ஆட்டும்.
காய் விழும். மண் எழும்.
எழுந்த மண்ணுக்குப் பள்ளிக்கூடம் போக வழி தெரியும்.

டெல்ஃபினாவும் நானும் பதினொன்றாம் வகுப்பு.
ஆறாம் வகுப்புக்கு ஆஸ்துமா சொல்ல வந்திருக்கிறோம்.
கையில் இருப்பவை:
நுரையீரல் என்று நாங்கள் சொல்லும் இரண்டு பலூன்,
சளிக்காக ரோஸ் நிறக் களிமண்,
என்னுடைய தீர்ந்துபோன நீல பம்ப்,
டோனட் கடையில் கேட்டு வாங்கிய
காபி கலக்கும் மெல்லிய குழல்கள் ஒரு கட்டு.

முதல் கேள்வி: "முத்தம் கொடுத்தா ஒட்டிக்குமா?"
ஒட்டாது.
வகுப்பு ஏமாந்ததா நிம்மதியடைந்ததா, தெரியவில்லை.
இரண்டாவது: "சிவாவா நாய் வளர்த்தா
வியாதியை நாய் வாங்கிக்குமாமே?"
எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன என்றேன்.
நன்றாகச் சாப்பிட்டன, நன்றாகத் தூங்கின.
இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது நான்.

மூச்சு வாங்குவதல்ல, விடுவதுதான் பெரும் பாடு என்றேன்.
பழைய மூச்சு வெளியே போகாமல்
உள்ளேயே குடியிருக்கும். புதியது வாசலில் நிற்கும்.
எவருக்கும் புரியவில்லை.
"ஒரே ட்ரெய்லர்ல மூணு குடும்பம் மாதிரி" என்றாள் டெல்ஃபினா.
புரிந்தது.
அதிகமாகவே புரிந்ததுபோல்
பின்வரிசை கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தது.

பிறகு குழல்கள்.
ஏற்கெனவே ஆஸ்துமா இருப்பவர்கள் வேண்டாம், கை தூக்குங்கள்.
மூன்று கை.
அவர்களுக்குக் கடிகாரம் பார்க்கும் வேலை.
மற்றவர்கள்: மூக்கைப் பிடி, குழலைக் கடி,
நின்ற இடத்தில் ஓடு.
ஒரு நிமிடம். முடியாதவர் எடுத்துவிடலாம்.

பத்தாவது நொடியில் சிரிப்பு நின்றது.
பதினெட்டில் ஒருத்தி துப்பினாள்.
இருபத்தைந்தில் கால்பந்து அணித் தலைவன்
ஏதோ திருடுபோனவன் முகத்தோடு
குழலைப் பிடுங்கி எறிந்தான்.
நாற்பதில் தரையெல்லாம் சிவப்புக் குழல்.
வாயைப் பிளந்து, மேசையில் கைகளை ஊன்றி,
வகுப்பே என் பழைய புகைப்படம்போல் நின்றது.
(எனக்கு அற்ப சந்தோஷம். இருக்கக் கூடாதுதான். இருந்தது.)

ஜன்னலோரம் ஒருவன் மட்டும்
இன்னும் ஓடிக்கொண்டிருந்தான்.
எலியாசர் என்று மேசையில் ஒட்டியிருந்தது.
அவசரமில்லை அவனுக்கு.
தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க,
கழுத்துக்குழி உள்ளே போய் வர,
தெரிந்த தெருவில் நடப்பவன்போல்.
அறுபது என்றார்கள் கடிகாரக்காரர்கள்.
கைதட்டினார்கள். ஜெயித்துவிட்டானாம்.

டெல்ஃபினா என்னைப் பார்த்தாள்.
நான் போய்க் குழலை எடுத்தேன்.
எடுத்த பிறகும் அதே சத்தம்,
மூடாத கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல.
"ஏன் எடுக்கல?"
"எதுக்கு எடுக்கணும்? ஓடினா இப்படித்தானே இருக்கும்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவனை உட்கார வைத்தோம்.
சீட்டில் அவன் பெயர் எழுதினேன்.
பள்ளி நர்ஸ் வருவது செவ்வாய் மட்டும்.
இன்று புதன்.
வீட்டு எண் கேட்டேன். அப்பா உலுக்கும் வண்டியில் இருப்பார்,
சத்தத்தில் போன் கேட்காது என்றான்.
அலுவலக அம்மாவிடம் ஓடினாள் டெல்ஃபினா:
செவ்வாய்வரை பொறுக்காது, இப்போதே யாரையாவது கூப்பிடுங்கள்.

காத்திருந்த நேரத்தில்
பக்கத்து மேசைக்காரனிடம் மெல்லக் கேட்டான் எலியாசர்:
"அப்போ உனக்கெல்லாம் எப்படி இருக்கும்?"

அந்தப் பையன் வெகுநேரம் யோசித்தான்.
இழுத்துப் பார்த்தான், விட்டுப் பார்த்தான்.
"தெரியலடா" என்றான்.
"ஒண்ணுமே இருக்காது."