குழு நோட்டின் கடைசிப் பக்கம்

சின்னப்பாலத்தில் கடல் கலங்கிய செவ்வாய்க்கிழமை.
தெப்பத்துக்குப் போக முடியாது.
தவணை கட்ட வந்த நாலு பேரும்
கட்டி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

யார் தொடங்கியது, நினைவில்லை.
பத்து வருஷம் கழித்துப்
பட்டணத்துக்காரர்கள் எதைத் தின்னப் பைத்தியமாய் அலைவார்கள்?
பந்தயம் ஒரு முழுச் சீலா. தலையோடு.
செயலாளர் நான்தான், எழுதிக்கொண்டேன்.

நம்புச்செல்வி 'சொறி' என்றாள்.
வலையோடு வந்தால் முழங்கை வரை எரியும்,
ஏழு தலைமுறையைத் திட்டி உதறுவோமே, அந்தச் சொறிதான்.
படிகாரமும் உப்பும் போட்டு அடுக்கி
இப்போதே கப்பல் ஏறுகிறது.
இனி சென்னைக் கல்யாணப் பந்தியில்
அப்பளத்துக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு உட்காரும்.
"கடிச்சா நறுக்கு நறுக்குன்னு இருக்குமாம்.
ருசியா?
ருசி இல்லைங்கறதுக்குத்தான் அந்த விலையே."

ஜெயரோஸ் நீராகாரம் என்றாள்.
தள்ளுபடி.
அது போன வருஷமே பாட்டிலில் வந்துவிட்டது,
வயிற்றுக்கு நல்லது என்று லேபிள் ஒட்டி.
வேறு சொல்லு என்றோம்.
கோபித்துக்கொண்டு போனை நோண்டினாள்.

முத்துராக்கு உமரியைச் சொன்னாள்.
உப்பளத்து ஓரம் சிவந்து கிடக்கிறதே,
அவள் ஆடுகள் மேய்வது.
கத்தரிக்கோலால் நுனி மட்டும் வெட்டி
வெண்ணெயில் ஒரு புரட்டு.
"உப்பே வேண்டாம்,
அதுவே போட்டுக்கிட்டுத்தான் முளைக்குது."
அப்புறம் ஆடுகள் எங்கே மேயும்?
உமரி தின்று வளர்ந்த ஆடு என்று
ஆட்டுக்கும் விலை ஏறாதா?
அந்தக் கணக்கில் அரைமணி நேரம் போனது.

செபஸ்தி அக்காள் அதுவரை வாய் திறக்கவில்லை.
பிறகு 'வாசம்' என்றாள்.
என்ன வாசம்?
"கருவாடு வறுக்கிற வாசம். திங்க மாட்டாங்க.
கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து
மூச்சை இழுக்கிறதுக்குக் காசு."
சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.
மதுரையில் நெத்திலி வறுத்த மூன்றாம் நாள்
அவள் தம்பியைக் காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரர்,
அவர் பேரன் வரிசையில் நிற்பானாம்,
கையில் டோக்கனோடு.
அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதச் சொன்னாள்.

என் முறை.
எனக்கு முந்தாநாள் நடந்ததுதான் வந்தது.
கொரியா சீரியல் பார்க்கிற என் மகள்
ராமநாதபுரம் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து
கருப்புப் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தாள்.
பத்துத் தாள், நூற்று எண்பது ரூபாய்.
ஒன்றைக் கிழித்து என் வாயில் வைத்தாள்.
மணல் இல்லை, சிப்பி இல்லை,
விரல் வெட்டில் உப்பு ஏறும் காந்தல் இல்லை.
கடலை இஸ்திரி போட்ட மாதிரி.
"எப்படிம்மா இருக்கு?"
"பாசி மாதிரி இருக்கு."
"பாசிதாம்மா."

நாங்கள் வளர்க்கிற பாசி இல்லை,
அதற்குத் தூரத்துச் சொந்தம்.
எங்களுடையது காய்ந்து, மூட்டையாகி, லாரி ஏறி
ஏதோ ஐஸ்கிரீமுக்குள் போய்
பேர் சொல்லாமல் ஒளிந்துகொள்கிறது.
பத்து வருஷத்தில் ஒளியாது, என்று எழுதினேன்.
பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும்.
"நம்ம பேரா?" என்றாள் ஜெயரோஸ், போனிலிருந்து தலை தூக்காமல்.
"பாசி பேரு."
"அதானே."

அடுத்த வாரம் கணக்குப் பார்க்க வந்த பேங்க்காரர்
கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.
இது என்னம்மா, சீலா ஒன்று, தவணை பத்து வருஷம்?
கடன் இல்லை சார், என்றேன். வரவேண்டியது.
யாரிடமிருந்து என்று கேட்டார்.
அதுதான் சார் இன்னும் தெரியவில்லை.

பின்னாலிருந்து செபஸ்தி அக்காள்:
"பத்து வருஷத்துக்கு வட்டி போட்டா
மீன் எத்தனை முழம் வரும்னு
அவர்கிட்டயே கேட்டு எழுதிக்கோ."