ஒன்பதாவது கேள்வி

மார்ச் மாதம்.
சாலையோரப் பனி இன்னும் கரையாமல்
அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தது.
நான் அட்டைக்கட்டோடு கிளம்பினேன்.
நெப்ராஸ்காவில் சின்ன ஊர்:
ஒரு தானியக் கிடங்கு, ஒரு ரயில்பாதை,
முந்நூற்றுப் பதினோரு கதவுகள்.
அட்டைக்கு ஒன்பது கேள்விகள்.

எரிவாயு வால்வு எங்கே?
அதை மூடும் திருகுசாவி எங்கே?
மின்சாரம் போனால் எந்த மருந்து கெட்டுப்போகும்?
இரவில் உங்கள் காலணி எங்கே இருக்கும்?

இதைக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள்.
சூறை கூரையைக் கொண்டுபோன பின்
வீட்டில் மிஞ்சுவது கண்ணாடிச் சில்லும் ஆணியும்,
கட்டிலுக்கடியில் வையுங்கள் என்றேன்.
முந்நூறு முறை சொல்லியிருப்பேன்.

வெர்லின் ஹ்ருஷ்கா கதவைப் பாதிதான் திறந்தார்.
"வானம் பச்சையானால் கீழே இறங்குவேன்.
அதற்கு அட்டை எதற்கு?"
ராத்திரியில் பச்சை தெரியாதே என்றேன்.
சற்று யோசித்தார்.
பிறகு திருகுசாவி தொங்கும் ஆணியைக் காட்டினார்.
சாவியில் சிலந்தி குடியிருந்தது.

மார்லிஸ் நொவோட்னியின் நிலவறை ஊரிலேயே பெரியது.
பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகள் அறுபத்திரண்டு,
வருடம் எழுதி ஒட்டிய சீட்டுகளோடு.
எட்டுக் கேள்விக்கும் அச்சுக்கோத்த கையெழுத்தில் விடை.
ஒன்பதாவது:
சைரன் ஊதினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?
வெற்றுக் கோட்டின்மேல் பேனாவை நிறுத்தி
"காபி ஆறுகிறது" என்றார்.

தண்டவாளத்துக்கு அப்பால்
சக்கரங்களின்மேல் நிற்கும் வீடுகள்.
இறைச்சி ஆலையில் இரவுப் பணி முடித்த எல்வியா ஷோல்
தூக்கம் கலையாத கண்ணோடு வந்தாள்.
ஸ்பானிஷில் அட்டை அச்சடித்திருந்தேன்;
அவளுக்கு அதுவும் கற்றுக்கொண்ட மொழிதான்.
பத்து வயது நெஹேமியாஸ்
எங்கள் நடுவில் நின்று
சொற்களை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான்.
நிலவறை உண்டா?
இதை மட்டும் அவன் அம்மாவிடம் கேட்கவில்லை.
குதிகாலால் தரையைத் தட்டினான்.
"கீழே புல்."

அன்று மாலை மறுபடி மார்லிஸ் வீட்டுப் படியேறினேன்.
என்ன பேசினோம் என்று எழுத ஒன்றுமில்லை,
பெரும்பாலும் பீட்ரூட் பற்றித்தான்.
இறங்கும்போது என் கையில்
ஒரு ஜாடியும் நிலவறையின் மாற்றுச்சாவியும்.

மாதத்தின் முதல் புதன், பகல் பன்னிரண்டு: சைரன் ஒத்திகை.
பள்ளிக்கூடம் விட்ட ஒரு மாலையில்
நெஹேமியாஸ் தனக்கென்று ஒத்திகை வைத்துக்கொண்டான்,
ஒரு கையில் ரேடியோ, ஒரு கையில் தம்பி.
தன் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு
நான்கு நிமிடம் இருபது விநாடி.
அடுத்த வாரம் மூன்று ஐம்பது.
"சரக்கு ரயில் குறுக்கே நின்றால்?"
என்னிடம் விடை இல்லை.
இப்போதும் இல்லை.

மே பத்தொன்பது, இரவு பத்தேகால்.
சைரன் ஒத்திகை போல நிற்கவில்லை.
காற்றுதான் நின்றது.
காது அடைத்தது.
நான் படுக்கையிலிருந்து எழுந்து ஓடினேன்,
கதவு கதவாகத் தட்டிக்கொண்டு.

நிலவறையில் பதினேழு பேர்.
வெர்லினும் இருந்தார், பச்சைக்குக் காத்திராமல்.
எல்வியா ஆலையில்;
அங்கே மாடுகள் தொங்கும் குளிரறைதான் காப்பறை.
அவள் மகன் டார்ச் அடித்து
ஒவ்வொருவர் காலையும் பார்த்துக்கொண்டே வந்தான்.
பூட்ஸ். பூட்ஸ். மார்லிஸின் கம்பளிச் செருப்பு.
வெளிச்சம் என்னிடம் வந்து நின்றது.
வெறுங்கால்.
பெருவிரலோரம் ரத்தம், சரளைக்கல்.

யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.
அவன் பையைத் துழாவி
அம்மாவின் பழைய ரப்பர் பூட்ஸை எடுத்து நீட்டினான்.
"யாராவது மறப்பார்கள் என்று."

சூறை வடக்கே ஆறு மைல் தள்ளிப் போனது.
ஒரு பாசனக் குழாயை முறுக்கி
மக்காச்சோள வயலில் எறிந்தது.
இந்த முறை அவ்வளவுதான்.

மறுநாள் மேசையில் அட்டைகளை எண்ணினேன்.
முந்நூற்றுப் பத்து.
குறைந்தது எந்த வீடு என்று
தேட வேண்டியிருக்கவில்லை.

ஒரு வெற்று அட்டை எடுத்தேன்.
ஒன்பதாவதிலிருந்து தொடங்கினேன்.